உங்களுக்கு எங்கே நாற்காலி போட்டார்கள்?

பாம்பன், ரிதம் பேட் வாசிப்பவர்:

பதினெட்டு வருஷமாக ஆர்கெஸ்ட்ராவில் இருக்கிறேன். மாதா கோயில் திருவிழா, அம்மன் கோயில் முளைப்பாரி, கல்யாண வீடு என்று யார் கூப்பிட்டாலும் போவோம். பேட்டா குறைந்தது, பேசிய காசு வரவில்லை என்கிற கதையெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. இப்போது எழுத உட்கார்ந்தது வேறு ஒன்றுக்காக.

என் பெரியப்பா கரைவலை இழுத்தவர். அம்பா பாடத் தெரிந்தவர். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: வலை இழுக்கும்போது ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் ‘ஏலேலோ’ என்று வாங்கிக்கொள்வார்கள். எல்லார் கையும் ஒரே நேரத்தில் கயிற்றை இழுக்க வேண்டுமே, அதற்காகப் பிறந்த பாட்டு. வலை கனத்தால் பாட்டும் இறங்கி நடக்கும். இன்றைக்குப் பையன்கள் போனில் பாட்டைப் போட்டுக்கொண்டு இழுக்கிறார்கள்.

இரண்டு வருஷம் முன்பு சென்னையிலிருந்து சிலர் வந்தார்கள். பெரியப்பாவையும் அவரோடு வலை இழுத்த நான்கு பேரையும் பனை நிழலில் உட்காரவைத்து, இரண்டு மதியம் பாடச் சொல்லிப் பதிவு செய்தார்கள். ஐந்து பேருக்கும் சேர்த்து இரண்டாயிரம் ரூபாய், ஆளுக்கொரு துண்டு, ஒரு போட்டோ. போன மாதம் என் மருமகன் போனில் ஒரு ஆல்பத்தைக் காட்டினான். அடியில் கிடார் ஓட, மேலே பெரியப்பா குரல். கீழே பெயர்களைப் பார்த்தேன். கிடார் வாசித்தவர், மிக்ஸிங் செய்தவர், படம் எடுத்தவர், சாப்பாடு ஏற்பாடு செய்தவர் வரைக்கும் இருந்தது. பாட்டுக்கு நேராக ‘மரபுப் பாடல்’. பாடியவர் என்று யாருமே இல்லை.

பெரியப்பா இரண்டு தடவை கேட்டார். “இந்த எடத்துல எனக்கு இருமல் வந்துச்சேடா, அதை அழகா எடுத்துட்டாய்ங்க” என்றார். அவருக்குக் கோபம் இல்லை. எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள். காசு விஷயம் மட்டும் இல்லை. எங்கே உட்காரவைத்தார்கள், பெயரை எப்படிப் போட்டார்கள், என்ன பாடச் சொன்னார்கள் என்பதையும்.

ராமேஸ்வரம், மேளக்காரர் குடும்பம்:

உட்காருவதைப் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். எங்கள் தாத்தா சட்டை போடாமல், நின்றுகொண்டே நாயனம் வாசித்தவர். நாயன மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளை ஷெர்வானி போட்டுக்கொண்டு, மேடையில் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்று நின்றவர். அவர் போய் (1956) எவ்வளவோ காலம் ஆயிற்று. இப்போது எங்களுக்கு நாற்காலி உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஜெனரேட்டர் பக்கத்தில் போடுவார்கள். தாலி கட்டி முடித்த கையோடு “போதும்ணே, டிஜே ஏத்தணும்” என்று ஒரு பையன் ஓடி வருவான். அப்பா ராகத்தின் நடுவில் இருந்தால் என்ன, முடிவில் இருந்தால் என்ன.

தங்கச்சியும் வாசிப்பாள். ஒரு கல்யாணத்தில் பெண் வீட்டுப் பெரியவர், “பொம்பளப் பிள்ளைக்கு மூச்சு தாங்குமா?” என்றார். நாயனம் வாசித்த மதுரை பொன்னுத்தாயின் மூச்சு எத்தனை காலத்துக்கு முன்பே தாங்கியது! காலீஷாபி அம்மாவும் அவர் கணவர் ஷேக் மெஹபூப் சுபானியும் சேர்ந்து வாசித்து 2020இல் பத்மஸ்ரீ வாங்கினார்கள். அதையெல்லாம் அவரிடம் சொல்ல நேரமில்லை, முகூர்த்தம் நெருங்கிவிட்டது. தங்கச்சி சீவாளியை நனைத்து வாசிக்க ஆரம்பித்துவிட்டாள். முடிந்ததும் அதே பெரியவர் வந்து பாராட்டினார், பொய் சொல்லக்கூடாது. ஆனால் அவள் சம்பளத்தை அப்பா கையில் கொடுத்தார். அவளுக்கு ஒரு ரவிக்கைத் துணி.

பாம்பன் சின்னப்பாலம், கல்லூரி மாணவி:

என் அம்மா பாசி எடுக்கக் கடலில் இறங்குகிறவர். பாறை கிழிக்காமல் இருக்க விரலில் துணி சுற்றிக்கொண்டு போவார். ஒரு டிவி பாட்டுப் போட்டி தேர்வுக்கு மதுரை போனேன். குத்துப் பாட்டு ஒன்றை ஒரு மாதம் பழகியிருந்தேன். படிவத்தில் அம்மா வேலை என்ன என்று இருந்தது, எழுதினேன். அதைப் படித்த பிறகு அங்கே இருந்தவர்கள் முகமே மாறிவிட்டது. உள்ளே ஒரு அண்ணன் வந்து, “இந்தப் பாட்டு வேண்டாம்மா, அம்மா பாட்டு ஏதாவது பாடு” என்றார். பாடினேன். அடுத்து, அம்மா கடலில் இறங்குவதைப் படம் எடுக்கலாமா, அம்மா மேடைக்கு வருவார்களா, வந்தால் அழுவார்களா என்று கேட்டார். எங்கள் அம்மா அழுகிற ரகம் இல்லை, திட்டுகிற ரகம். அதைச் சொன்னேன். கூப்பிடுகிறோம் என்றார்கள். கூப்பிடவில்லை.

நான் தேறவில்லை என்பது பரவாயில்லை. என் சுருதி எப்படி இருந்தது என்று அங்கே ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. சரணத்தில் சுருதி விலகியது, எனக்கே தெரியும். “விலகிருச்சு, போயிட்டு வா” என்று சொல்லியிருந்தால் மனசு ஆறியிருக்கும்.

ஊரில் கடல் ஓசை 90.4 இருப்பதால்தான் பாட்டை விடாமல் இருக்கிறேன். மீனவர்களுக்காக 2016இல் ஆரம்பித்த சமுதாய வானொலி. காற்று எப்படி, அலை எப்படி என்று சொல்கிற அதே வாயால் நம் பாட்டையும் சொல்வார்கள். அங்கே பாடினால் பேர் வரும், தெருவே கேட்கும்.

ராமநாதபுரம் டவுன், ரசிகர்:

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். திறமை இருந்தால் யாரும் தடுக்க முடியாது என்பது என் எண்ணம். கர்நாடக சங்கீத மேதை அரியக்குடி ராமானுஜ ஐயங்காருக்கே குருவான பூச்சி சீனிவாச ஐயங்கார் நம் ராமநாதபுரத்துக்காரர். பாட்டில் ராம்நாட் கிருஷ்ணன், மிருதங்கத்தில் முருகபூபதி என்று ஊர்ப் பெயரையே முன்னால் சுமந்தவர்கள் எத்தனை பேர். நாகூர் ஹனிபா பிறந்ததும் இங்கேதான். இவர்களுக்கு யார் நாற்காலி போட்டார்கள்?

கீழக்கரை, பாடகி (என்று நானே சொல்லிக்கொள்கிறேன்):

ராமநாதபுரத்து ராஜாக்களான சேதுபதிகள் போட்டார்கள், ஐயா. இந்தச் சமஸ்தானம் வித்வான்களை வைத்துக் காப்பாற்றியது ஊரறிந்த விஷயம். பட்டியலில் ஒரு பெண் பெயர்கூட இல்லையே, கவனித்தீர்களா? கோபத்தில் சொல்லவில்லை, உங்கள் பட்டியலில் இருக்கிற எல்லாரையும் எனக்கும் பிடிக்கும். ஹனிபா குரல் இல்லாமல் எங்கள் வீட்டில் ரமலான் விடிந்ததே கிடையாது. ஆனால் அப்படிப்பட்ட குரல் சினிமாவில் பாடியது சில பாட்டுகள்தான் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

என் கதை சின்னது. எனக்குத் தெரிந்த ஸ்டூடியோவில் ரமலான் வந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். நாலு இஸ்லாமியப் பாட்டு பாடுவேன், மரியாதைக்குக் குறைவே இல்லை. போன வருஷம், வேறு பாட்டு இருந்தாலும் சொல்லுங்கள், காதல் டூயட்கூடப் பாடுவேன் என்றேன். ஸ்டூடியோக்காரர் என் முக்காட்டைப் பார்த்து, “உங்களுக்கு அது சரி வராதுமா, உங்க வீட்ல ஒத்துக்க மாட்டாங்க” என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தது என் வாப்பாதான். பாடட்டுமே என்று என்னைக் கூட்டி வந்ததும் அவர்தான். என் வீட்டின் சார்பாக மறுத்தது ஸ்டூடியோக்காரர். ஆக, வருஷத்தில் ஒரு மாதம் நான் பாடகி.

இன்னொன்று. சென்னைக்கு ஒரு குரல் தேர்வுக்குப் போய்வர எனக்கு இரண்டு ராத்திரி, துணைக்கு ஒரு ஆள், இரண்டு பேருக்கும் டிக்கெட். திறமைக்கு முன்னால் சேது எக்ஸ்பிரஸில் இடம் கிடைக்க வேண்டும்.

ராமேஸ்வரம், மேளக்காரர் குடும்பம்:

கீழக்கரை அக்கா சொன்னது உண்மை. 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள். புதுப் பாலம் திறந்தது 2025 ஏப்ரலில். அதுவரை தவிலைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குப் பஸ்ஸில்தான் போனோம். தவிலுக்கும் அரை டிக்கெட் கேட்ட கண்டக்டர் உண்டு.

சாயல்குடி பக்கம், பறைக் குழு:

எங்கள் குழுவில் பதினொரு பேர், அதில் ஐந்து பெண்கள். ஒரு கல்லூரிப் பொங்கல் விழாவுக்குக் கூப்பிட்டார்கள். புது வேட்டி, மாலை, போட்டோ எல்லாம் பிரமாதம். ஆட ஆரம்பித்த ஐந்தாவது நிமிஷம் ஒரு ஆசிரியர் மெதுவாக வந்து, “சாவு அடி வேண்டாம் தம்பி, வேற அடிங்க” என்றார். அது ஆட்ட அடி. எங்கள் ஊர்க் கோயில் கொடைக்கும் அதைத்தான் அடிப்போம். அவருக்குப் பறை என்றாலே ஒரே சத்தம்தான் காதில் இருக்கிறது போல. பறைக் கலைஞர் வேலு ஆசான் 2025இல் பத்மஸ்ரீ வாங்கியதும் அதே ஆசிரியர் வாட்ஸ்அப்பில் வாழ்த்துப் போட்டார். சந்தோஷம்தான்.

பக்கத்து ஊர்த் திருவிழாவில் கேரளாவிலிருந்து செண்டை மேளம் இறக்கினார்கள். எங்களுக்குப் பேசியதைப் போல நான்கு மடங்கு. செண்டை வாசித்த பையன்கள் நல்ல பையன்கள், எங்களோடு டீ குடித்தார்கள். அவர்களுக்கு எவர்சில்வர் டம்ளர், எங்களுக்குப் பேப்பர் கப். அவர்களில் ஒருவன் கவனித்துவிட்டு அவனும் பேப்பர் கப் கேட்டு வாங்கிக்கொண்டான்.

பாம்பன், ரிதம் பேட் வாசிப்பவர்:

எல்லாருக்கும் நன்றி. தாமதத்துக்கு மன்னிக்கவும், திருவிழா சீசன்.

வக்கீல் நண்பர் ஒருவரிடம் கேட்டேன். பாட்டு மரபுப் பாட்டாக இருக்கலாம், அதற்கு ஆசிரியர் இல்லாமல் போகலாம், ஆனால் அதைப் பாடிய குரலுக்கு ஆள் உண்டு என்றார். 2012இல் பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தைத் திருத்தியபோது, பாடியவர் தன் பெயரைக் குறிப்பிடச் சொல்லிக் கேட்கும் உரிமையையும் எழுதி வைத்திருக்கிறார்களாம். அதைச் சொல்லி அந்த ஆல்பக்காரர்களுக்கு மெயில் போட்டோம். பதினோரு நாள் கழித்துப் பதில் வந்தது. வருத்தம் தெரிவித்திருந்தார்கள். பெயரை ஆங்கில எழுத்தில் அனுப்பினால் சேர்த்துவிடுவதாகவும், பணத்தைப் பற்றிப் பிறகு பேசலாம் என்றும் எழுதியிருந்தார்கள். பிறகு என்றால் எப்போது என்று திரும்பக் கேட்டிருக்கிறோம்.

பெரியப்பா பெயரை எழுதி அனுப்பப் போனேன். “என் பேரு மட்டுமா? அந்த நாலு பேரும் இழுக்காம வலை எப்படிடா வந்துச்சு?” என்று தடுத்துவிட்டார். சரி, ஐந்து பெயரையும் போடலாம் என்று உட்கார்ந்தோம். நான்கு கிடைத்துவிட்டது. ஐந்தாமவரை ஊரில் எல்லாரும் கொண்டல் என்றே கூப்பிட்டிருக்கிறோம். போன வருஷம் இறந்துவிட்டார், குடும்பம் வேதாளை பக்கம் போய்விட்டதாகச் சொல்கிறார்கள். ரேஷன் கார்டில் அவர் பெயர் என்ன என்று பெரியப்பாவுக்கும் தெரியவில்லை. வேதாளைக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் விசாரித்துச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும்.