உயிர்வேதியியல் மனத்தில் நிற்பதற்கு வழி என்ன?

கேள்வி (பென்னாகரம்): தமிழ்வழியில் படித்து, இப்போது எம்.பி.பி.எஸ். முதலாண்டில் இருக்கிறேன். உடற்கூறியலைக் கண்ணால் பார்த்துப் பழகிவிடுகிறேன். ஆனால் செல்கள் சர்க்கரையை உடைத்து ஆற்றல் பெறும் கிளைக்காலிசிஸின் பத்துப் படிகளை எத்தனை முறை எழுதிப் பார்த்தாலும் மறுவாரமே மறந்துவிடுகின்றன. மூத்தவர்கள் எப்படிப் படித்தீர்கள்?

பதில் 1 (தருமபுரி): தம்பி, நம் ஊர்த் தண்ணீரிலிருந்தே தொடங்குங்கள். ஒன்பதாம் படியில் வேலை செய்யும் ஈனோலேஸ் என்னும் நொதியை ஃபுளோரைடு தடுக்கிறது. சர்க்கரை பார்ப்பதற்கான இரத்தத்தைச் சாம்பல் நிற மூடியுள்ள குழாயில் எடுப்பது, அதிலிருக்கும் சோடியம் ஃபுளோரைடு இரத்த அணுக்கள் சர்க்கரையைச் செலவழிக்காமல் தடுக்கும் என்பதால்தான். அதே ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் உள்ள போர் தண்ணீரைச் சிறுவயதில் தொடர்ந்து குடித்தவர்களுக்கு, எனாமல் உருவாகும் பருவத்திலேயே பாதிப்பு ஏற்பட்டுப் பற்கள் பழுப்பேறுகின்றன. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததும் இதன் பொருட்டே. இப்படிப் படித்த பிறகு எனக்கு அந்தப் படி மறக்கவே இல்லை.

பதில் 2 (கிருஷ்ணகிரி): அண்ணன் சொன்னது சரி. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: தடை கடைசிக்கு முந்தைய படியில் விழுவதால், முதல் ஓரிரு மணி நேரம் சர்க்கரை குறைந்துகொண்டுதான் இருக்கும்; ஆகவே குழாயை உடனே ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.

கேட்டவர்: நன்றி அண்ணா. என் பாட்டியின் பற்களும் அப்படித்தான் இருக்கும். காரணம் இன்றுதான் விளங்கியது.