மறு: டோனிங் என்பதற்குத் தமிழ்: ஏறியதா, ஏற்றியதா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பழங்காசின் மேற்பரப்பில் வரும் நிறமாற்றத்தை ஆங்கிலத்தில் டோனிங் என்கிறார்கள். அதற்குக் கடலூர் ஐயா சென்ற மடலில் ‘காலப்பூச்சு’ என்று தந்திருந்தார். காதுக்கு இனிய சொல். இரண்டு நாளாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். ஆனால் ஒரு வெள்ளி ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லும்போது நா தயங்குகிறது. பூச்சு என்றால் பூசியவர் ஒருவர் வேண்டும். சுண்ணாம்பு பூசுகிறோம், சந்தனம் பூசுகிறோம். எவரும் பூசாமல் வந்த நிறத்தையும், எவரோ கை வைத்து வரவழைத்த நிறத்தையும் பிரித்துச் சொல்லத்தானே நமக்குச் சொல் வேண்டியிருக்கிறது?

‘மங்கல்’ என்ற இன்னொரு பரிந்துரையும் எனக்கு ஒப்பவில்லை. மங்கல் ஒளி குறைவதைச் சொல்லும். புழங்காத காசில் நிறம் நன்றாக வந்திருந்தால் ஒளி அப்படியே இருக்கும். விளக்கடியில் மெல்லச் சாய்த்தால், அச்சடித்த நாளின் பளபளப்பு நிறத்துக்கு அடியிலிருந்து சுழன்று ஓடும்.

‘களிம்பு’ செம்பில் பூக்கும் பச்சைக்கு உரியது. சைவ சித்தாந்திகள் ஆணவ மலத்துக்குச் செம்பின் களிம்பை உவமை சொன்னார்கள். போக்கவேண்டிய அழுக்கு என்ற பொருள் அந்தச் சொல்லை விட்டு இனி நீங்காது. என்னிடம் ஒரு டூடு காசு இருக்கிறது. பிரெஞ்சு ஆட்சியில் இங்கே புழங்கிய செப்புக்காசு. ஒரு பக்கம் அல்லி மலர், மறுபக்கம் தமிழில் புதுச்சேரி. காசு முழுவதும் ஆழ்ந்த பழுப்பு, தேய்ந்த இடங்களில் மட்டும் சற்று வெளிர். அந்தப் பழுப்பை நான் களிம்பு என்று சொல்லமாட்டேன். எழுத்துகளின் இடுக்கில் கடுகளவு பச்சை பூத்திருக்கிறது, களிம்பு அதுதான். இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்தால், அடுத்த தலைமுறை டூடு காசைப் புளி போட்டுத் தேய்த்துவிடும். வெள்ளிக்கும் இதே கதி நேர்ந்திருக்கிறது. எங்கள் வீட்டில் பாட்டி திருநீறு போட்டுத் தேய்த்த ரூபாய்கள் சில உள்ளன. வெள்ளை வெளேரென்று இருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் அரசர் கன்னம் முழுவதும் மயிரிழைக் கீறல்கள்.

சொல்லைத் தேடுமுன் பொருளைப் பார்த்துவிடுவோம். வெள்ளியின் மேல் வருவது சாயம் அல்ல, வெளியிலிருந்து வந்து படியும் தூசும் அல்ல. காற்றிலோ தாளிலோ துணியிலோ இருக்கும் கந்தகச் சேர்மங்களோடு அந்த வெள்ளியே வினைபுரிந்து வெள்ளி சல்பைடாக மாறுகிறது. அந்தப் படலம் மிக மெல்லியது. அதன் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் அடியில் உள்ள உலோகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று குறுக்கிடுவதால்தான் நிறம் தெரிகிறது. மழை நாளில் சாலையில் சிந்திய எண்ணெய் வானவில் காட்டுமே, அதே குறுக்கீட்டு விளைவு. படலம் தடிக்கத் தடிக்க நிறம் மாறும்: வெளிர் மஞ்சள், பழுப்புச் சிவப்பு, ஊதா, நீலம், வெளிர் நீலம், பிறகு மறுபடி மஞ்சள், கருஞ்சிவப்பு, பச்சை. கடைசியில் கருமை. பச்சை பிந்தித்தான் வரும். ஆகவே நல்ல காசில் மஞ்சளுக்கும் நீலத்துக்கும் நடுவே சிவப்பும் ஊதாவும் ஒரு நூலளவாவது இருந்தே தீரும்.

இதை நான் பணம் கொடுத்துக் கற்றேன். காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் 1918ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் ஒன்று வாங்கினேன். முகம் முழுவதும் நீலமும் ஊதாவும், மயில் கழுத்து போல. சாதாரண ரூபாய்க்குக் கொடுப்பதைப்போல மூன்று மடங்கு கொடுத்தேன். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் அதை வாங்கி வெயிலில் இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்துவிட்டு, “தம்பி, இது தானா ஏறினது இல்ல, ஏத்தினது” என்றார். கடைக்காரர் வாய் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, தாள் உறையில் பல ஆண்டுகள் கிடந்த என்னுடைய இன்னொரு 1918 ரூபாயோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உறையில் கிடந்த காசில் நடுவே வெளிர் பொன்னிறம். விளிம்பை நோக்கிப் போகப் போகச் சிவந்து, ஊதாவாகி, கடைசி ஓரத்தில் நீலம். அரசரின் பெயர் எழுத்துகளைச் சுற்றி நிறம் ஏறாத மெல்லிய வெண்கோடு. எழுத்தை ஒட்டிய இடத்தில் நிறம் ஒதுங்கி நிற்கிறது. சந்தையில் வாங்கியதில் அந்த ஒதுக்கம் இல்லை. மஞ்சள் எங்குமே இல்லை. வெள்ளியிலிருந்து நேரே நீலத்துக்குத் தாவுகிறது. கன்னத்தில் உள்ள தேய்ப்புக் கீறல்களின் உள்ளேயும் வெளியேயும் ஒரே ஊதா. முதலில் தேய்த்து வெளுத்திருக்கிறார்கள், பிறகு நிறம் வரவழைத்திருக்கிறார்கள். ஆனால் கீறலுக்குள் நிறம் இருப்பது மட்டுமே சான்று ஆகாது. பாட்டி தேய்த்த காசுகூட ஐம்பது ஆண்டு பெட்டியில் கிடந்தால் கீறலோடு சேர்ந்தே நிறம் கொள்ளும். எல்லாக் குறிகளையும் சேர்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

அந்தப் பெரியவர் வாயிலிருந்து வந்த இரண்டு சொற்களில்தான் நமக்கு வேண்டிய கலைச்சொல் இருக்கிறது என்று நம்புகிறேன். ஏறு தன்வினை, ஏற்று பிறவினை. துரு ஏறுகிறது, சுவரில் உப்பு ஏறுகிறது, வேட்டியில் கறை ஏறுகிறது. கடலோரத்தில் வாழும் நம் எல்லோர் வாயிலும் உள்ள வினை இது. ஏற்றுவதற்கு ஆள் வேண்டும். பொட்டாசியம் சல்பைடு கரைசலில் முக்குபவர், அடுப்பில் வாட்டுபவர், வேகவைத்த முட்டையோடு டப்பாவில் மூடி வைப்பவர் எல்லாரும் ஏற்றுபவர்கள்.

ஆகவே என் பரிந்துரை: டோனிங் என்பதற்குப் பொதுச்சொல் நிறமேற்றம். மாறு, மாற்று இரண்டிலிருந்தும் மாற்றம் பிறப்பதுபோல ஏறு, ஏற்று இரண்டிலிருந்தும் ஏற்றம் பிறக்கும். விலையேற்றம் என்கிறோம், விலை ஏறியதா, ஏற்றப்பட்டதா என்பதை அந்தச் சொல் சொல்வதில்லை. பொதுச்சொல்லுக்கு அந்த நடுநிலைதான் தேவை. இயற்கையாக வந்தது ஏறுநிறம். வினைத்தொகை: ஏறிய நிறம், ஏறுகின்ற நிறம், ஏறும் நிறம். கந்தகம் இருக்கும்வரை அது நிற்காதே. செயற்கையாக வந்தது ஏற்றுநிறம். வெள்ளி, செம்பு இரண்டுக்கும் பொருந்தும். புகழ்ச்சியும் இல்லை, இகழ்ச்சியும் இல்லை.

ஐயா திருத்தினால் ஏற்றுக்கொள்வேன்.

புதுச்சேரியிலிருந்து, அன்புடன்.

*

அன்புள்ள தம்பிக்கு,

மடலை இரண்டு முறை படித்தேன். காலப்பூச்சை நானே விலக்கிக்கொள்கிறேன். பூசு என்ற வினையை நான் யோசிக்காமல் விட்டது பிழை. நிறமேற்றம், ஏறுநிறம் இரண்டும் எனக்கு உடன்பாடு.

ஏற்றுநிறத்தில் ஒரு முள் இருக்கிறது. உங்கள் மடலின் கடைசி வரியைப் பாருங்கள், ‘ஏற்றுக்கொள்வேன்’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஏல் என்ற வினையின் எச்சமும் ஏற்றுதான். சந்தையில் செல்லுபடியாகும் நிறம், வாங்குபவர் ஏற்கும் நிறம் என்று ஒருவர் படித்தால் பொருள் தலைகீழாகிவிடும். அதுவும் காசு விற்பவர் அப்படித்தான் படிக்கச் சொல்வார். இன்னொன்று, ஏறுநிறம், ஏற்றுநிறம் இரண்டையும் விரைவாகத் தட்டச்சு செய்தால் ஓர் எழுத்து விடுபட்டுப் போலி மெய்யாகிவிடும்.

நகைக்கடைகளில் ‘ஆக்சிடைஸ்டு வெள்ளி’ என்று விற்கிறார்களே, அதிலும் பெரும்பாலும் சல்பைடுதான் கறுப்பாக நிற்கிறது, ஆக்சைடு அல்ல. பிழையான பெயர் ஒருமுறை நிலைத்தால் யாராலும் பிடுங்க முடியாது. இப்போதே சரிசெய்துவிடுவோம்.

*

ஐயா, வணக்கம்.

முள்ளை எடுத்துத் தந்ததற்கு நன்றி. ஏல் என் நினைவுக்கே வரவில்லை.

‘ஏற்றிய நிறம்’ என்று வைத்துக்கொள்ளலாமா? ஏல் என்பதன் பெயரெச்சம் ‘ஏற்ற’. ‘ஏற்றிய’ ஏற்று என்பதிலிருந்து மட்டுமே வரும். இரட்டைப் பொருள் இல்லை, எழுத்து விடுபட்டாலும் கண்ணில் உறுத்தும். ஒன்று வினைத்தொகையாகவும் மற்றது பெயரெச்சமாகவும் இருப்பது எனக்குக் குறையாகத் தோன்றவில்லை. ஏறுநிறம் பெட்டிக்குள் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. ஏற்றியவர் வேலை அன்றைக்கே முடிந்துவிட்டது.

மூன்றாவதாக, ஏறியதா ஏற்றியதா என்று முடிவு கட்ட முடியாத காசுகளுக்கும் ஒரு சொல் வேண்டும். அமெரிக்கத் தரமதிப்பீட்டு நிறுவனமான பி.சி.ஜி.எஸ். இத்தகைய காசுக்கு இடும் 91 என்ற குறியீட்டுக்கு ‘கேள்விக்குரிய நிறம்’ என்றுதான் பெயர். போலி என்று அறுதியிட்டுச் சொல்வதில்லை. வேதியியல் இரண்டிலும் ஒன்றே என்பதால் தேர்ந்த கண்ணுக்கும் சில காசுகள் பிடிபடாமல் போகும். அவற்றுக்கு ‘ஐயநிறம்’ போதுமென நினைக்கிறேன்.

சந்தையில் வாங்கிய 1918 ரூபாயின் உறையில் இன்று ‘ஏற்றிய நிறம்’ என்று எழுதி வைத்துவிட்டேன். டூடு காசின் பழுப்பு ஏறுநிறம். இடுக்கில் உள்ள பச்சையைக் களிம்பு என்றே எழுதியிருக்கிறேன்.