பெர்லின்: 1984இல் ஃப்ரீட்ரிக்‌ஷ்ட்ராஸேவுக்கு அடுத்த ஸ்டேஷன் எது?

கார்த்திகைப்பூ எழுதியது:

வணக்கம். பெர்லினின் பழைய ரயில் பாதைகள் பற்றித் தெரிந்தவர்கள், முக்கியமாக எண்பதுகளில் இங்கே வந்தவர்கள், தயவுசெய்து பதில் சொல்லுங்கள். ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

போன சனிக்கிழமை சாயங்காலம் ஃப்ரீட்ரிக்‌ஷ்ட்ராஸே ஸ்டேஷனில், மேலே எஸ்-பான் என்னும் நகர ரயில் நிற்கும் பிளாட்பாரத்தில் அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். பேசி முடிக்கும்வரை ஒரு பெரியவர் நாலடி தள்ளிப் பொறுமையாக நின்றார். போனை வைத்ததும், "பிள்ளை தமிழோ? இதிலே வாற ரயில் மேற்குப் பக்கம்தானே போகும்?" என்று கேட்டார்.

"ஆமாம் ஐயா, எங்கே போகணும்?"

"அடுத்த ஸ்டேஷனுக்கு."

அடுத்தது ஹௌப்ட்பான்ஹோஃப், அதாவது மத்திய ரயில் நிலையம் என்றேன். தலையை ஆட்டினார். "அது இல்லை பிள்ளை. இப்பத்தான் போய்ப் பார்த்திட்டு வாறன். அது இல்லை."

அவருடைய மகள் கீழே டிக்கெட் வாங்கப் போயிருந்தார். அவர் வரும்வரை பேசிக்கொண்டிருந்தோம். 1983 ஜூலைக் கலவரத்தில் கொழும்பில் இருந்த எல்லாவற்றையும் இழந்தவர். மறு வருடம் டிசம்பரில், கூட்டாளி ஒருவரோடு மாஸ்கோ வழியாகக் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியிருக்கிறார். கையில் ஒரு துண்டுச் சீட்டு. அதில் ஆங்கில எழுத்தில், அன்றைக்குக் கிழக்கு பெர்லினில் இருந்த இந்த ஸ்டேஷனின் பெயரும், கீழே தமிழில் "ரயில் ஏறி முதல் ஸ்டேஷன், இறங்கு" என்பதும் மட்டும். அந்தச் சீட்டு இன்னும் அவரிடம் இருக்கிறது! பர்ஸிலிருந்து எடுத்துக் காட்டினார். நாலாக மடித்து மடித்து மடிப்பெல்லாம் கிழிந்து, பின்பக்கம் செலோடேப் ஒட்டியிருந்தது. டேப்பும் மஞ்சளாகிவிட்டது. "இறங்கு" என்ற சொல்லின் மேல் ஒரு மடிப்பு போகிறது, அதனால் நடுவில் ஒரு எழுத்து அழிந்துவிட்டது.

இரண்டு பேரும் இறங்கியிருக்கிறார்கள். யாரும் பாஸ்போர்ட் கேட்கவில்லை. அதனாலேயே, இன்னும் கிழக்குப் பக்கம்தான் இருக்கிறோம், கீழே போனால் போலீஸ் பிடித்துத் திருப்பி அனுப்பிவிடும் என்று பயந்து, குளிரில் பிளாட்பார பெஞ்சிலேயே ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தார்களாம். கடைசியில் கூட்டாளிதான் எழுந்து போய் ஒரு பையனிடம் "வெஸ்ட்?" என்று கேட்டிருக்கிறார். அவன் தலையாட்டியிருக்கிறான். அவ்வளவுதான்.

அப்புறம் அகதி விண்ணப்பம், நார்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலன் மாநிலத்தில் ஒரு விடுதி, வேலை செய்ய அனுமதி இல்லாத காலம், பிறகு இருபத்தேழு வருடம் தொழிற்சாலை. அதையெல்லாம் இரண்டு வரியில் சொல்லி முடித்துவிட்டார். பெஞ்சைப் பற்றித்தான் திரும்பத் திரும்பப் பேசினார். கூட்டாளி போன வருடம் தவறிவிட்டாராம். அந்த பெஞ்சில் ஒருமுறை உட்கார்ந்துவிட்டுப் போக வந்திருக்கிறார்.

அவருக்கு நினைவில் இருப்பது: மேம்பாலத்தின் மேல் சின்ன ஸ்டேஷன், பழைய செங்கல் கட்டடம், சுற்றிலும் காலியிடம், வெளிச்சம் குறைவு. வந்து சேர்வதற்குச் சற்று முன்னால் ரயில் தண்ணீரைத் தாண்டியது. அது எந்த ஸ்டேஷன்? இப்போது இருக்கிறதா? மகளின் நம்பர் வாங்கி வைத்திருக்கிறேன். கண்டுபிடித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

---

நீலவானம்:

சூ (Zoo) ஸ்டேஷனாக இருக்கும் என்று நினைக்கிறேன். அன்றைக்கு மேற்கு பெர்லினின் பெரிய ஸ்டேஷன் அதுதான். வெளியூர் ரயில்களும் அங்கேதான் நின்றன. இவ்வளவு வருடத்தில் நினைவு கொஞ்சம் மாறியிருக்கலாம், வயதும் ஆகிவிட்டது அல்லவா.

---

தண்டவாளம்:

நீலவானம், பெரியவருடைய நினைவு அப்படியே சரியாக இருக்கிறது. அது சூ இல்லை. சூவுக்கு முன்னால் பெல்வ்யூ, டியர்கார்டன் என்று வேறு ஸ்டேஷன்கள் உண்டு. ஃப்ரீட்ரிக்‌ஷ்ட்ராஸேவுக்கு அடுத்து மேற்கில் முதல் ஸ்டேஷன் அன்றைக்கு லேர்ட்டர் ஷ்டாட்பான்ஹோஃப். 1882இல் கட்டியது. அவர் தாண்டிய தண்ணீர் ஹும்போல்ட்ஹாஃபன், கால்வாயோடு சேர்ந்த பழைய படகுத்துறை. கிழக்குக்கும் மேற்குக்கும் எல்லை அங்கேதான் ஓடியது. ரயில் அந்தப் பாலத்தைத் தாண்டிய நொடியிலேயே அவர் மேற்குக்கு வந்துவிட்டார். பக்கத்தில் பெர்லின் சுவர் போனதால் அந்தப் பகுதி காலியாகக் கிடந்தது. அவர் வந்தபோது ஸ்டேஷனும் கவனிப்பில்லாமல்தான் இருந்தது. 1987இல், நகரத்தின் 750ஆம் ஆண்டுக்குத்தான் புதுப்பித்தார்கள்.

இனிச் சொல்வது அவருக்கு வருத்தமாக இருக்கும். அந்த ஸ்டேஷன் இப்போது இல்லை. 2002 கோடையில் ரயில்களைப் புதிய பாலத்துக்கு மாற்றிவிட்டு, பழையதை இடித்துவிட்டார்கள். பாதுகாக்கப்பட்ட கட்டடம், அப்படியும் இடித்தார்கள். அந்த இடத்தில்தான் 2006 மே மாதம் ஹௌப்ட்பான்ஹோஃப் திறந்தார்கள். அவர் போய் "இது இல்லை" என்று திரும்பி வந்தாரே, அவர் நின்ற இடம் சரி, கட்டடம்தான் வேறு.

பாஸ்போர்ட் ஏன் கேட்கவில்லை என்பதையும் சொல்லுங்கள், இன்றைக்கும் அது அவருக்குப் புரியாமல் இருக்கலாம். கிழக்கு ஜெர்மனி தன் பக்கம் சோதித்துத்தான் வெளியே விட்டது. மேற்கு தன் பக்கம் சோதனை வைக்கவில்லை, வைத்தால் நகரத்தின் நடுவே ஓடும் அந்தக் கோட்டை நாட்டு எல்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பதால். அந்த இடுக்கு வழியாகத்தான் அன்றைக்கு நம் ஆட்கள் அத்தனை பேர் வந்தார்கள். 1985 ஜூலையில் கிழக்கு ஜெர்மனி தமிழர்களுக்கு அந்த வழியை அடைத்தது. அவர் ஏழு மாதம் பிந்தியிருந்தால் வந்திருக்க முடியாது.

---

வடலி:

என்ர அப்பாவும் 85 தொடக்கத்தில் இதே வழியால் வந்தவர். வீட்டில் அதைப் பற்றிக் கதைக்கவே மாட்டார். ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் 2002இல் கும்பாபிஷேகம் நடந்தபோது, சனக்கூட்டத்தில் ஒருவரைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார். விடுதியில் ஒரே அறையில் இருந்தவராம். மாவட்டத்தை விட்டு வெளியே போக அனுமதி எடுக்க வேண்டிய காலத்தில் அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட, தொடர்பு விட்டுப்போயிருக்கிறது. இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்துவிட்டார்கள். எனக்கு அப்போது பதினொரு வயது. அப்பா அழுவதை அன்றைக்குத்தான் கண்டேன்.

தங்கச்சி, அந்தப் பெரியவரிடம் ஸ்டேஷன் இடிபட்டது என்பதை முதலில் சொல்லாதீர்கள். அவர் நினைத்தது சரி என்பதை முதலில் சொல்லுங்கள். இவர்கள் சொல்வதை அந்தக் காலத்தில் விசாரணையில் எத்தனையோ தரம் நம்பாமல் கேட்டிருப்பார்கள். திகதி பிழை, இடம் பிழை என்று. "நீங்கள் சொன்னது அத்தனையும் சரி ஐயா" என்று ஒருவர் சொல்வதே பெரிய விஷயம்.

இன்னொன்று. ஃப்ரீட்ரிக்‌ஷ்ட்ராஸேவை ஒட்டியே கண்ணீர் மாளிகை என்று சொல்லும் கண்ணாடிக் கட்டடம் இருக்கிறது, ட்ரேனன்பலாஸ்ட். கிழக்கிலிருந்து வெளியே போகிறவர்களைச் சோதித்த மண்டபம், 2011 முதல் அருங்காட்சியகம். நுழைவுக் கட்டணம் இல்லை. பாஸ்போர்ட் பார்த்த ஒடுங்கிய கூண்டு ஒன்றை அப்படியே வைத்திருக்கிறார்கள். அவர் அதற்குள்ளால்தான் வந்திருப்பார். விருப்பமென்றால் மட்டும் கூட்டிப்போங்கள். அப்பா வாசலோடு திரும்பிவிட்டார்.

---

கார்த்திகைப்பூ:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு பேசினேன். வடலி அக்கா சொன்னபடி, "ஐயா, தண்ணீர், பாலம், செங்கல், நீங்கள் சொன்னது அத்தனையும் சரி" என்றுதான் ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மகளைக் கூப்பிட்டு, "கேட்டியோ, நான் சொன்னன்தானே" என்றார்.

இடித்துவிட்டார்கள் என்பதையும் சொன்னேன். "சரி, பழசுதானே" என்றார். அந்தப் படகுத்துறையின் பெயரை மட்டும் இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார். எழுதிக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

ஏப்ரலில் மறுபடி வருகிறார்களாம். தண்டவாளம், ஒரே ஒரு கேள்வி: இப்போதைய எஸ்-பான் பிளாட்பாரத்தின் எந்த முனையில் நின்றால் அந்தத் தண்ணீர் தெரியும்?

---

தண்டவாளம்:

கிழக்கு முனை, ஃப்ரீட்ரிக்‌ஷ்ட்ராஸே பக்கம் பார்க்கிற மாதிரி. 15, 16ஆம் தடங்கள். பழைய பாதை இப்போதையதற்குச் சற்று வடக்கே இருந்தது, அதனால் இடது கைப்பக்கம் காட்டுங்கள். கூரை முடிகிற இடத்தில் காற்று பலமாக அடிக்கும், பெரியவரை கோட்டோடு வரச் சொல்லுங்கள்.