புதுப்பிப்பு: பேச்சை மறந்த மகள், ரெட் சிண்ட்ரோம் (மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் அரிய மரபணுக் கோளாறு) என்று உறுதியானது

ஒன்றரை வயதில் "அம்மா", "பால்" என்று சொன்னவள் இரண்டு வயதில் வாயே திறக்கவில்லை, ஆட்டிசமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. "கையைத் துணி பிழிவதுபோல் பிசைகிறாளா?" என்று கேட்டவருக்குத் தனியாக. அதேதான், ரெட் சிண்ட்ரோமின் முக்கிய அறிகுறி. வீடியோ எடுத்து நரம்பியல் டாக்டரிடம் காட்டினோம். மரபணுச் சோதனையில் எம்இசிபி2 என்ற மரபணுவில் மாற்றம். எங்கள் இருவருக்கும் அது இல்லை. பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லையாம். (மாமியார் வாய் அடங்கியது.)

எதிர்பாராதது ஈசிஜி. இந்தக் குழந்தைகளுக்கு க்யூடி இடைவெளி (ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் மின்தூண்டல் தொடங்கி அடங்கும் நேரம்) நீளலாம், அப்படியானால் சில மருந்துகள் ஆகாது. அவளுக்கு இப்போதைக்கு இயல்பு. வருடா வருடம் பார்க்கணும்.

இப்போது கண்ணால் பேசுகிறாள். பால் டம்ளர், தண்ணீர் டம்ளர் இரண்டையும் காட்டினால் வேண்டியதை உற்றுப் பார்ப்பாள். நேற்று இரண்டையும் விட்டு அப்பாவின் காபியைப் பார்த்தாள்.