ஜனவரி வாசிப்புக் கணக்கு: பட்டியலோடு, மனதில் நிற்கும் ஒரு சந்திப்பையும் எழுதுங்கள்

தண்டையார்பேட்டைக்காரி

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐந்து முடித்தேன், ஆறாவது பாதியில் இருக்கிறது. எழுத வந்தது அதற்காக இல்லை.

நந்தனம் புத்தகக் காட்சியில் கைக்காசு கரைந்த பிறகு எல்லோரும் போகிற இடத்துக்குத்தான் நானும் போனேன், அல்லிக்குளம். 1985ல் மூர் மார்க்கெட் எரிந்த பிறகு பழைய புத்தகக் கடைகள் அங்கே வந்த கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். ஒரு புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஏற்கனவே படித்ததா என்று போனில் என் பட்டியலைத் தேடிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற பெரியவர் அதைக் கவனித்துவிட்டார். ராயபுரத்துக்காரர், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். "நானும் எழுதுறேம்மா" என்று மஞ்சப்பையிலிருந்து ஒரு பழைய டைரியை எடுத்துக் காட்டினார்.

ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு நான்கு கட்டம். முடித்த தேதி, புத்தகம், எங்கே கிடைத்தது, கடைசியாக 'அடுத்து யாருக்கு'. வரிசை எண்ணே கிடையாது. பேத்தி, மாடி வீட்டு அம்மா, சலூன் கடை என்று நீல மையில் எழுதியிருந்தார். புத்தகம் போய்ச் சேர்ந்ததும் சிவப்பில் ஒரு டிக். ஒரு பக்கத்தில் மட்டும் ஒரே பெயர் வரிசையாக ஏழெட்டு இடத்தில் இருந்தது. ஒன்றுக்கும் டிக் இல்லை. என் கண் அங்கே நின்றதை அவரும் பார்த்தார். "அவனா வந்து கேக்கட்டும்னு வெச்சிருக்கேன்" என்றார். டைரியை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டு கடைக்காரரிடம் விலை பேசப் போய்விட்டார்.

அந்த 'அவன்' மகனா, பேச்சு நின்றுபோன சிநேகிதனா என்று இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த ஏழெட்டுப் புத்தகத்தையும் படிக்கும்போதே 'இது அவனுக்கு' என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. என் பட்டியலில் நட்சத்திரம் இருக்கிறது, பக்க எண்ணிக்கை இருக்கிறது. ஆள் இல்லை. பிப்ரவரியிலிருந்து அந்தக் கட்டத்தையும் சேர்த்திருக்கிறேன்.

பெரம்பூர் பக்கங்கள்

அக்கா, படித்ததும் எங்கள் தெருவில் இருந்த வாடகை நூலகம் ஞாபகம் வந்தது. கடையை மூடும்போது நடத்தியவர் பேரேட்டிலிருந்து என் பக்கத்தைக் கிழித்து என் கையில் கொடுத்தார். நான் எடுத்த புத்தகம் எல்லாம் அதில் அவர் கையெழுத்தில் இருக்கிறது. இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அப்புறம், அந்த ஆறாவதை ஜனவரியில் சேர்க்காதீர்கள். படித்த புத்தகங்களைப் பதிந்து வைக்கும் குட்ரீட்ஸ் தளத்தில் ஆண்டுச் சவாலுக்கு, அதாவது வருஷத்துக்கு இத்தனை புத்தகம் என்று நாமே வைக்கும் இலக்குக்கு, கணக்கு முடித்த தேதியை வைத்துத்தான். டிசம்பரில் ஆரம்பித்து ஜனவரியில் முடித்தால் புது வருஷத்துக்குப் போகும். தேதியைக் காலியாக விட்டால் 'படித்தவை' அடுக்கில் புத்தகம் இருக்கும், சவாலில் ஏறாது. "பத்து படிச்சேன், எட்டுதான் காட்டுது" என்று வருகிறவர்கள் முதலில் இதைப் பாருங்கள். மறுவாசிப்பு என்றால் பழைய தேதியை அழிக்காதீர்கள், இன்னொரு தேதியைக் கூடுதலாகச் சேர்க்க முடியும். பழையதை அழித்தால் அந்த வருஷத்துக் கணக்கு குறைந்துவிடும். கிளை நூலகப் புத்தகம் எடுப்பவர்கள் பின்பக்கச் சீட்டில் குத்தியிருக்கும் தேதியைப் பார்த்து மாத முடிவில் நிரப்புகிறார்கள். அது திருப்பித் தர வேண்டிய தேதி, நீங்கள் முடித்த தேதி இல்லை. கடைசிப் பக்கம் முடிந்த கையோடு ஒரு தாளில் குறித்துவிடுங்கள். ஐந்து பாக நாவல்களைப் பற்றிப் போன வருஷமே சண்டை போட்டோம். பாகம் தனித்தனிப் புத்தகமாக வந்திருந்தால் தனித்தனியாகவே எண்ணுங்கள். ஒவ்வொன்றும் நானூறு பக்கம் என்றால் அதை ஒன்றாக எண்ணச் சொல்வது நியாயம் இல்லை.

எண்ணூர்க் காற்று

ஒலிப்புத்தகத்தை எண்ணக் கூடாது என்று போன மாதம் வியாசை வாசகன் எழுதியிருந்தார். அது அப்போதிலிருந்து உறுத்துகிறது.

எங்கள் மாமா, அக்கா வீட்டுக்காரர், கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். துறைமுக கேட்டுக்கு முன்னால் லாரி வரிசை எவ்வளவு நேரம் நிற்கும் என்று நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டாம். ஒரு ராத்திரி அக்கா கொடுத்த சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போனேன். கேபினில் ஏறியதும் பேசாதே என்று கையைக் காட்டினார். காதில் ஹெட்போன். டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், சாம்பார் மணம் கேபின் முழுக்க. முன்னால் நின்ற லாரி நகர்ந்தது. இவர் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு வண்டி நீளம் ஓட்டி, ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். அத்தியாயம் முடிந்ததும் என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை: "அந்தப் பொண்ணு திரும்பி வரமாட்டாடா."

எந்தப் பொண்ணு என்று எனக்குத் தெரியாது. அவர் கண் கலங்கியிருந்தது. அந்த மாதத்தில் அவர் ஒரு முழு நாவலை முடித்தார். நான் அதைப் புத்தகம் என்றுதான் எழுதுவேன்.

வியாசை வாசகன்

தம்பி, மாமாவைக் குறைத்துச் சொல்லவே இல்லை. நான் சொன்னது வேறு. சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் ஒரு சார்ட் ஒட்டியிருக்கிறோம். புத்தகம் முடித்தவர்கள் பெயருக்கு நேரே ஸ்டிக்கர். ஏழாவது படிக்கும் பெண் ஒருத்தி இரண்டு ஸ்டிக்கர் கேட்டாள். ஒரு புத்தகம்தானே என்றேன். "ஆயாவுக்கும் சேத்துதான் சார். முழுசும் நான்தான் படிச்சுக் காட்டினேன்" என்றாள். கொடுத்தேன். சார்ட்டில் அவள் பெயருக்குக் கீழே அவளே 'ஆயா' என்று எழுதி ஒட்டினாள்.

அந்த ஆயா நடுவில் நிறுத்தி "யாரு அவன்?" என்று கேட்பாராம். புரியாவிட்டால் முந்தின பக்கத்தைத் திரும்பப் படிக்கச் சொல்வாராம். வாசிப்பு என்றால் எனக்கு அதுதான். ஒலிப்புத்தகம் நமக்காக நிற்காது, காது ஒரு பக்கம் இருக்க மனசு வேறு பக்கம் போனாலும் அது பாட்டுக்கு ஓடும். கேட்பதைக் கேட்டதாகத் தனியாக எழுதி வையுங்கள், அதுவும் பெரிய விஷயம்தான்.

எண்ணூர்க் காற்று

அண்ணா, மாமாவும் நிறுத்திப் பின்னால் தள்ளித் தள்ளித்தான் கேட்கிறார். வரிசை நகர்ந்தால் கவனம் ரோட்டுக்குப் போய்விடும், நின்றதும் விட்ட இடத்துக்குத் திரும்பப் போவார். ஒரே அத்தியாயத்தைப் பல தடவை கேட்டிருக்கிறார். ஆயாவுக்கு ஸ்டிக்கர் உண்டு என்றால் இவருக்கும் உண்டு. இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

சரி, பிப்ரவரிக்கு அவருக்குச் சிறுகதை வேண்டுமாம். ஒரு கதை இருபது நிமிஷத்துக்குள் முடிய வேண்டும், வாசிப்பவர் குரல் தெளிவாக இருக்க வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.