பழைய பியூட்டைல் லித்தியம் பாட்டில்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். சிங்கப்பூரில் ஜூரோங் பக்கம் சின்ன லேப் ஒன்றில் வேலை. ஃபிரிட்ஜ் மூலையில் ஹெக்சேனில் கரைத்த பியூட்டைல் லித்தியம் பாட்டில் ஒன்று கிடக்கிறது. அடியில் வெள்ளைப் படிவு. லித்தியம் ஹைட்ரைடாகத்தான் இருக்கும். கூடவே பியூட்டீன் வாயுவும் சேர்ந்து அழுத்தம் ஏறியிருக்குமே என்று மூடியைத் தொடவே யோசனை. காற்று பட்டாலே பற்றக்கூடிய சரக்கு, நம்ம ஊர் ஈரக்காற்றில் கேட்கவே வேண்டாம். ஹெக்சேன் ஆவி வேறு 0 டிகிரிக்குக் கீழேயே தீப்பிடிக்கும். அதுவும் இருப்பது சாதாரண வீட்டு ஃபிரிட்ஜ், உள்ளே பொறி கிளப்பக்கூடிய விளக்கும் சுவிட்சும்! சுவரிலோ கார்பன் டை ஆக்சைடு அணைப்பான். இதற்கு அது ஆகாது, உலர்பொடிதான் வேண்டும்.

ஐசோபுரோப்பனால் என்ற ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, சரக்கைச் செயலிழக்க வைத்து நாமே முடித்துவிடலாம் என்கிறார் மேனேஜர். காற்றுப் படாமல் காக்கும் நைட்ரஜன் வசதியே இல்லாத இடத்தில் எனக்கு அதில் உடன்பாடில்லை. திறக்காமலே எடுத்துப்போகும், உரிமம் பெற்ற ரசாயனக் கழிவு நிறுவனம் தெரிந்த அண்ணன், அக்கா யாராவது இருக்கீங்களா? அவர்கள் வரும்வரை பாட்டிலை எங்கே வைப்பது?