டேக்கில் டர்பன் என்று இருந்தாலும் ஜோகன்னஸ்பர்க்கில் பெட்டியை எடுக்கணுமா?

மடிப்பாக்கம்_எம்:
அப்பா (71), அம்மா (66) அடுத்த மாதம் தென்னாப்பிரிக்காவில் இருக்கும் டர்பன் போகிறார்கள். மூன்று மாதம் அங்கே தங்கல். சென்னை – துபாய் – ஜோகன்னஸ்பர்க் ஒரே டிக்கெட், காலை 10.20க்கு இறங்குகிறது. அங்கிருந்து டர்பனுக்கு உள்நாட்டு விமானம், தனி டிக்கெட், 12.15. ஆளுக்கு 23 கிலோவில் ஒரு பெட்டி. "டேக்கை டர்பன் வரைக்கும் போட்டுடுவாங்க, பெட்டி தானா போயிடும்" என்கிறார் ஏஜென்ட். இன்னொருவர் நடுவில் எடுத்தே ஆகணும் என்கிறார். எது சரி? அம்மாவுக்கு மூட்டுவலி, படி ஏற முடியாது, வீல்சேர் சொல்லியிருக்கிறோம். 1 மணி 55 நிமிடம் போதுமா?

ஓஆர்டி_தரை:
எடுக்கணும். நாட்டுக்குள் முதலில் எங்கே இறங்குகிறார்களோ அங்கேதான் இமிக்ரேஷனும் கஸ்டம்ஸும். வளைகுடாவிலிருந்து மும்பை வந்து சென்னை விமானம் பிடிக்கிறவர்கள் மும்பையில் பெட்டி எடுப்பது போலத்தான். டேக்கில் டியுஆர் (டர்பனின் குறியீடு) என்று அச்சாகி இருந்தாலும் பெட்டி ஜோகன்னஸ்பர்க்கின் ஓஆர் டாம்போ விமான நிலைய பெல்ட்டில்தான் வந்து விழும். எடுக்காமல் போனால் அங்கேயே கிடக்கும். உரிமையாளர் இல்லாமல் கஸ்டம்ஸைத் தாண்டாது.

உங்களுக்கு டேக் பிரச்சினையே இல்லை, ஏனென்றால் தனி டிக்கெட். டேக்கே ஜேஎன்பி (ஜோகன்னஸ்பர்க்கின் குறியீடு) வரைதான் விழ வாய்ப்பு அதிகம். சிக்கல் நேரத்தில் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 10.20 தரையிறக்கம், கதவு திறக்க 10.35. வீல்சேர் பயணிகளைக் கடைசியில்தான் இறக்குவார்கள், 10.50. இமிக்ரேஷனில் கைரேகை, போட்டோ எடுக்கிறார்கள். நாலைந்து பெரிய விமானம் சேர்ந்து வந்தால் ஒரு மணி நேரம் சாதாரணம். வீல்சேர் என்பதால் சீக்கிரம் விட்டாலும் பெட்டி எடுத்து வெளியே வர 11.40. உள்நாட்டு கவுண்டரைப் புறப்பாட்டுக்கு 40 நிமிடம் முன்பே மூடிவிடுவது வழக்கம், அதாவது 11.35. ஐந்து நிமிடத்தில் கோட்டை விடுவீர்கள். தனி டிக்கெட் என்பதால் முதல் விமானம் தாமதமானாலும் இரண்டாவது கம்பெனிக்குப் பொறுப்பில்லை, டிக்கெட் பணம் போச்சு.

மூன்று மணி நேரத்துக்குக் குறையாத இடைவெளிக்கு மாற்றுங்கள். வயதானவர்களுக்கு நாலு. ஜோ'பர்க் – டர்பன் விமானம் நாள் முழுக்க இருக்கிறது, பறப்பது ஒரு மணி சொச்சம்தான்.

பெல்ட்7:
மேலே சொன்னது சரி. வெளிநாட்டு வருகை ஏ டெர்மினல், உள்நாட்டுப் புறப்பாடு பி டெர்மினல். இரண்டும் ஒரே கூரைக்குக் கீழ், பஸ் எதுவும் வேண்டாம். கஸ்டம்ஸ் தாண்டி வருகைக் கூடத்துக்கு வந்ததும் லிஃப்டில் புறப்பாட்டுத் தளம் ஏறினால் கவுண்டர்.

அந்தக் கூடத்தில் "நான் வழி காட்டறேன்" என்று வண்டியில் கை வைக்கிறவர்களிடம் பெட்டியைக் கொடுக்க வேண்டாம். கழுத்தில் அனுமதி அட்டை தொங்கும் போர்ட்டர் போதும்.

வீல்சேரில் ஒரு சூட்சுமம்: முதல் டிக்கெட்டில் சொன்னது இரண்டாவது டிக்கெட்டுக்குத் தானாகப் போகாது. இரண்டு கம்பெனியிடமும் தனித்தனியாக, 48 மணி நேரம் முன்பே சொல்லுங்கள். எந்தக் குறியீடு போட்டிருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். கடைசி எழுத்து ஆர் என்றால் படி ஏறுவார், நீண்ட தூரம் நடக்க மாட்டார் என்று அர்த்தம். அம்மாவுக்கு எஸ் வேண்டும். ஆர் என்று போட்டுவிட்டு, விமானம் ஏரோபிரிட்ஜ் இல்லாமல் வெளியே நின்றால், படியடியில் கொண்டுபோய் விட்டு "ஏறுங்கம்மா" என்பார்கள்.

நீலப்பெட்டி:
மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கார்டும் எடுத்துக்கணும். ஊசியைக் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள்.

ஓஆர்டி_தரை:
@நீலப்பெட்டி இவர்களுக்குத் தேவையில்லை. இந்தியாவோ துபாயோ மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் இல்லை. அடிஸ் அபாபா, நைரோபி வழியாக வந்து அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் டிரான்சிட் இருந்தால்தான் தென்னாப்பிரிக்கா கேட்கும். அப்படிப் போகிறவர்கள் ஊசியைப் பயணத்துக்கு 10 நாளாவது முன்பே போட்டிருக்கணும்.

கடைசிகேட்:
யாரும் கவனிக்காத ஒன்று: "மூன்று மாதம்". விசாவில் 90 நாள் என்று இருந்தால் மூன்று மாதம் அதைத் தாண்டலாம். ஜூன் 1 போய் ஆகஸ்ட் 31 திரும்பினால் 92 நாள். 30 நாளுக்குள் ஓவர்ஸ்டே என்றாலும் வெளியேறும்போது 12 மாதம் நுழைவுத் தடை எழுதிக் கையில் கொடுப்பார்கள். அதற்கு மேல் போனால் 5 வருடம். காலண்டரில் விரல் வைத்து எண்ணிப் பாருங்கள்.

எடை: அங்குள்ள மலிவுக் கட்டண உள்நாட்டு விமானங்களில் ஒரு பெட்டி 20 கிலோ என்பதே பொதுவான அளவு. உங்கள் 23 கிலோவில் மூன்று கிலோ கூடுதல், இரண்டு பெட்டிக்கு ஆறு. கவுண்டரில் ராண்டில் (அந்த நாட்டுப் பணம்) கட்டுவதை விட இப்போதே ஆன்லைனில் கூடுதல் எடை வாங்குவது மலிவு. சில டிக்கெட்டில் பெட்டியே சேர்ந்திருக்காது, அதையும் பாருங்கள்.

மருந்து: சொந்த உபயோகத்துக்கு ஒரு மாத அளவு, டாக்டர் சீட்டோடு. மூன்று மாதத்துக்குக் கொண்டு போவதால் டாக்டரிடம் மருந்தின் ஜெனரிக் பெயர், வேளைக்கு எத்தனை, எவ்வளவு காலம் என்று ஆங்கிலத்தில் லெட்டர் வாங்கி, மாத்திரையை அட்டை பிரிக்காமல் கைப்பையில் வையுங்கள். வாரநாள் டப்பாவில் பிரித்துக் கொட்டி எடுத்துப் போகாதீர்கள், எது என்ன மாத்திரை என்று அங்கே யாராலும் சொல்ல முடியாது.

சாப்பாடு: கறிவேப்பிலை, முருங்கைக்காய், விதை, தேன், பால்கோவா, கருவாடு எதுவும் வேண்டாம். கம்பெனி சீல் போட்ட சாம்பார்ப் பொடி வகைகளை ஒரே பையில் மேலாக வைத்து, கேட்டால் காட்டச் சொல்லுங்கள். எப்படியும் டர்பனில் மிளகாய்த்தூள், புளிக்குப் பஞ்சமில்லை. ஒன்றரை நூற்றாண்டாக நம்மாட்கள் சமைக்கிற ஊர். புதுப் புடவை, பரிசுப் பொருள் என்றால் ஆளுக்கு 5,000 ராண்ட் வரை வரி இல்லை.

மடிப்பாக்கம்_எம்:
ரொம்ப நன்றி. உள்நாட்டு விமானத்தை 15.10க்கு மாற்றி, பெட்டிக்கு எடையும் வாங்கிவிட்டேன். வீல்சேர் பார்த்தால் ஆர் என்றுதான் போட்டிருந்தது! எஸ் ஆக்கியாச்சு. நாள் எண்ணினால் 91. திரும்பும் டிக்கெட்டையும் மாற்றணும். ஒரு சந்தேகம்: ஜோ'பர்க்கில் பெட்டி வரவே இல்லை என்றால்?

பெல்ட்7:
பெல்ட் நின்றதும் கூடத்தை விட்டு வெளியே வராமல் அங்கேயே பேக்கேஜ் கவுண்டரில் புகார் எழுத வேண்டும். ஜேஎன்பி, அடுத்து கம்பெனியின் இரண்டெழுத்து, பிறகு ஐந்து இலக்கம் என்று ஒரு எண் தருவார்கள், அதை போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். முகவரியாக டர்பன் வீட்டையும் உள்ளூர் மொபைலையும் கொடுக்கணும். சென்னை நம்பர் கொடுத்தால் டெலிவரிக்காரர் கூப்பிட மாட்டார். பெட்டி உடைந்திருந்தால் 7 நாளுக்குள், தாமதமாக வந்தால் கைக்குக் கிடைத்த 21 நாளுக்குள் எழுத்தில் கோரிக்கை போகணும். போர்டிங் பாஸின் பின்னால் ஒட்டும் சின்ன டேக் துண்டு இல்லாவிட்டால் எல்லாமே இழுக்கும், ஆகவே சென்னை கவுண்டரை விட்டு நகருமுன் அதையும், மூடிய பெட்டி, திறந்த பெட்டி இரண்டையும் போட்டோ எடுத்துவிடுங்கள்.

ஓஆர்டி_தரை:
அடுத்த தடவைக்கு: துபாயிலிருந்து டர்பனுக்கே நேரடி விமானம் இருக்கிறது. இமிக்ரேஷன், பெட்டி எல்லாம் டர்பனின் கிங் ஷாகா விமான நிலையத்திலேயே முடிந்துவிடும். தனி டிக்கெட்டில் மிச்சமாகிற காசை இந்த மாற்றுக் கட்டணமே தின்றிருக்குமே?

மடிப்பாக்கம்_எம்:
தின்றுவிட்டது சார். மேலே 400 ராண்ட் கையிலிருந்து போச்சு.